பெரிய மூளை உறங்க, சின்ன மூளை பாட!

மாலையானால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். மக்கள் காலாற நடப்பார்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காதில் இயர்போன். அதன் கம்பி, கைபேசியில் சார்ஜ் ஏற்றும் துளையிலேயே செருகப்பட்டிருக்கிறது. கைபேசி பைக்குள் இருக்கிறது. திரை இருண்டு கிடக்கிறது. பாட்டு மட்டும் தடங்கலின்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு சிறு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். திரை அணைந்த பிறகு கைபேசிக்குள் விழித்திருப்பது யார்? பாட்டை இயர்போனுக்கு அனுப்பிக்கொண்டிருப்பது யார்?

பெரும்பாலான கருவிகளில் இதற்கு விடை, "தலைமை மூளையேதான்" என்பதே. கணக்குப் போடுவது, படம் காட்டுவது, விளையாட்டை ஓட்டுவது எல்லாம் செய்கிற அந்தப் பெரிய செயலி, ஒரு பாட்டுக்காகத் தூங்காமல் கண் விழித்துக் காவல் காக்கிறது. இந்த வேலையைப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சின்ன மூளையிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன? இந்த எண்ணத்தைச் செயலாக்கப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஒலி எண்ணாகிறது

ஒலி என்பது காற்றின் அதிர்வு என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். கணிப்பொறிக்குக் காற்று தெரியாது, எண்கள்தான் தெரியும். ஆகவே அதிர்வு எந்தக் கணத்தில் எவ்வளவு உயரம் இருந்தது என்று அளந்து அளந்து எண்களாக எழுதி வைக்கிறோம். ஒவ்வோர் அளவையும் ஒரு மாதிரி என்போம்.

விநாடிக்கு எத்தனை மாதிரிகள் வேண்டும்? நம் காதுக்குக் கேட்கும் மிக உயர்ந்த ஒலி, விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் கொண்டது. ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க அதைப்போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது விதி. எனவேதான் இசைத் தட்டுகளில் விநாடிக்கு 44,100 மாதிரிகளும், கைபேசிகளில் பெரும்பாலும் 48,000 மாதிரிகளும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் 2 பைட்டுகள். இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனி. 48,000 × 2 × 2 = 1,92,000. ஒவ்வொரு விநாடியும் இத்தனை பைட்டுகள் இயர்போனுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த அளவு ஒன்றும் பெரிதல்ல. ஒரு புகைப்படம் கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் புகைப்படம் அரை விநாடி தாமதமாக வந்தால் யாரும் வருந்துவதில்லை. பாட்டில் சில மில்லி விநாடி இடைவெளி விழுந்தால் போதும். "டிக்" என்று காதில் உறுத்தும். ஒலிக்குத் தேவை வேகம் அல்ல, நேரம் தவறாமை.

மில்லி விநாடிக்கு ஒரு பஸ்

யூ.எஸ்.பி. என்ற பெயரின் கடைசி எழுத்து எதைக் குறிக்கிறது தெரியுமா? பஸ்ஸைத்தான்! "எல்லோருக்கும்" என்று பொருள்படும் லத்தீன் சொல்லான ஆம்னிபஸ்ஸிலிருந்து வந்த சொல் அது. பல கருவிகள் பொதுவாகப் பயன்படுத்தும் கம்பித் தடத்துக்கும் அதே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பொது இணைப்பின் முதல் வரையறை 1996-இல் வெளியாயிற்று. இதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர், குஜராத்தின் வதோதராவில் பிறந்த அஜய் பட்.

யூ.எஸ்.பி. இணைப்பை ஒரு பேருந்து நிலையமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாதாரண யூ.எஸ்.பி. இயர்போனுக்கு ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் ஒரு பஸ் புறப்படுகிறது. அதாவது விநாடிக்கு 1,000 பஸ்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் 48 மாதிரி-இணைகள், அதாவது 192 பைட்டுகள் ஏற வேண்டும். இயர்போனின் கம்பியில் அல்லது செருகியில் உள்ள ஒரு குட்டிச் சில்லு அவற்றை இறக்கி, மீண்டும் மின் அலையாக்கி, காதுக்குக் கொடுக்கிறது.

இந்த பஸ்களுக்கு ஒரு கண்டிப்பான குணம் உண்டு. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். வழியில் சரக்கு கெட்டுப்போனால் மறுபடி அனுப்புவதும் இல்லை. கோப்புகளை நகல் எடுக்கும்போது யூ.எஸ்.பி. வேறு விதமாக நடந்துகொள்ளும். பிழை நேர்ந்தால் திரும்ப அனுப்பும். ஒலிக்கு அது உதவாது. போன நொடிக்கான ஒலி இப்போது வந்து என்ன பயன்?

யாராவது ஒருவர் நிலையத்தில் நின்று, அடுத்தடுத்த பஸ்களுக்கான பயணிகளை வரிசையில் நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

மேலாளரே வாசலில் நிற்கிறார்

கைபேசியிலும் கணிப்பொறியிலும் எல்லா வன்பொருளையும் ஆண்டு நடத்தும் மென்பொருளின் உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னல் என்றால் பருப்பு. ஓட்டுக்குள் இருக்கும் பருப்பைப்போல இது மற்ற மென்பொருள்களுக்கு உள்ளே இருக்கிறது. 1991-இல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடித்தளம்.

கெர்னலுக்குள் ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஓர் இயக்கி உண்டு. யூ.எஸ்.பி. இயர்போனுக்கும் ஓர் இயக்கி இருக்கிறது. அது தலைமைச் செயலியில் ஓடும் நிரல். சில பஸ்களுக்கு வேண்டிய மாதிரிகளை நினைவகத்தில் வரிசையாக வைக்கிறது. யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி என்ற வன்பொருள் அவற்றை எடுத்து அனுப்புகிறது. அந்தத் தொகுதி போனதும் கட்டுப்படுத்தி செயலியைத் தட்டி, "போயிற்று, அடுத்ததைக் கொடு" என்கிறது. இயக்கி மீண்டும் வரிசையை நிரப்புகிறது.

ஒரு தட்டலுக்கு எட்டு பஸ் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை, அதாவது விநாடிக்கு 125 முறை செயலி எழுந்து உட்கார வேண்டும். ஒரு மணி நேரப் பாட்டுக்கு 4,50,000 முறை! ஒவ்வொரு முறையும் செய்யும் வேலையோ மிகச் சிறியது.

வேலை சிறிதானாலும் எழுப்பும் செலவு சிறிதல்ல. ஆழ்ந்த உறக்கத்தில் செயலியின் பல பகுதிகளுக்கு மின்சாரமே நின்றிருக்கும். அதை எழுப்ப மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும்; கடிகாரத் துடிப்பை ஓடவிட வேண்டும்; உறங்குமுன் இருந்த நிலையைத் திரும்ப அமைக்க வேண்டும். இன்னும் சில மில்லி விநாடிகளில் மறுபடி எழ வேண்டும் என்று தெரிந்தால் செயலி ஆழ்ந்து உறங்கவே போகாது. கோழித் தூக்கம்தான் போடும். அதற்குத் துணையான மற்றப் பகுதிகளும் அரை விழிப்பில் கிடந்து மின்கலத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸையும் வழியனுப்பக் கிளை மேலாளரே இரவெல்லாம் வாசலில் நின்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது.

மின்சாரத்தை எண்ணிச் செலவழித்த கிராமங்கள்

மின்கலத்தை மிச்சம் பிடிப்பது பாட்டுக் கேட்பவரின் வசதிக்காக மட்டும்தானா? புதுச்சேரி மாணவர்கள் அப்படி நினைக்க வேண்டியதில்லை. இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு பாடம் இருக்கிறது.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றின் நடுவண் நிலையம். கிராமங்களுக்குத் தொலைபேசிக் கம்பி சரியாகப் போய்ச் சேராத காலம் அது. ஆகவே கம்பியில்லா வானொலிக் கருவிகள் வழியே தகவல்களை அனுப்பினார்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் என்பதால் சூரிய மின்தகடுகளையும் மின்கலங்களையும் பொருத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில், கடலின் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கரையில் நின்ற மீனவர்களுக்குக் கணிப்பொறியின் செய்தி காது வழியாகவே கிடைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் தொலைக்காட்சிச் செய்தி பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினார்கள். படகுகளும் வீடுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள்.

சேமித்து வைத்த மின்சாரத்தின் அருமையை இப்படி அறிந்த கரை இது. அன்று மேசைமேல் இருந்த கணிப்பொறி இன்று சட்டைப் பையில் இருக்கிறது. புயல் நாட்களில் மின்சாரம் நின்றுவிட்டால், கைபேசியின் மின்கலத்தில் மீந்திருப்பதே கைக்காவல். நேற்று இரவு தேவையின்றி 4,50,000 முறை எழுப்பிய செலவும் அதிலிருந்துதான் போயிருக்கும்.

சின்ன மூளையின் பெருமை

கைபேசியின் அதே சில்லில், பெரிய செயலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு செயலி வாழ்கிறது. இலக்கக் குறிகைச் செயலி என்பது இதன் முழுப் பெயர். நாம் சுருக்கமாகக் குறிகைச் செயலி என்போம். குறிகை என்றால் ஒலி, ஒளி, வானொலி அலை போன்றவற்றை எண்ணாக்கிய வரிசை.

இந்தச் செயலிக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு: இரண்டு எண்களைப் பெருக்கு, முன் விடையோடு கூட்டு, மறுபடி பெருக்கு, கூட்டு. ஒலியில் கரகரப்பை நீக்குவதும், தாழ்ந்த சுருதியை உயர்த்திக் காட்டுவதும் இப்படிப்பட்ட பெருக்கல்-கூட்டல்கள்தாம். ஒரு மாதிரிக்கு 100 பெருக்கல் வேண்டுமென்றால், 48,000 மாதிரிகளுக்கு விநாடிக்கு 48 லட்சம் பெருக்கல். இதற்கென்றே கட்டப்பட்டதால், குறிகைச் செயலி மெதுவான துடிப்பில், குறைந்த மின்சாரத்தில் இதைச் செய்து முடிக்கிறது.

இதன் வரலாறு ஒரு பொம்மையோடு தொடர்புடையது. 1978-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் சிறுவர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் கற்றுத் தரும் பேசும் பொம்மை ஒன்றை வெளியிட்டது. அதன் குரலை ஒரு தனிச் சில்லு கணக்குப் போட்டே உருவாக்கியது. அதே நிறுவனம் 1985-இல் பெங்களூரில் தன் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. சென்னையிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் உண்டு. 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மைடாஸ், அனலாக் டிவைசஸ் நிறுவனங்களோடு சேர்ந்து "கார்டெக்ட்" என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. பேச்சை எண்களாக்கிச் சுருக்கி, விநாடிக்கு 32,000 பிட்டுகளில் அனுப்பும் முறை அது.

கைபேசியில் அழைப்பு பேசும்போதும், கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கும்போதும் குறிகைச் செயலி நெடுநாளாக உழைத்து வருகிறது. யூ.எஸ்.பி. இயர்போன் மட்டும்தான் அதன் கைக்கு எட்டாமல் இருந்தது. ஏன்?

சாவியைக் கொடுப்பது எப்படி?

யூ.எஸ்.பி. நிலையம் முழுவதும் தலைமைச் செயலியின் ஆட்சியில் இருந்ததே காரணம். அதே நிலையத்தில் இயர்போனோடு விசைப்பலகையும் நினைவுக் குச்சியும் சேர்ந்து இணைந்திருக்கலாம். நிலையத்தை அப்படியே இன்னொருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. ஒரே ஒரு தடத்தை மட்டும் கொடுக்க வேண்டும்.

பேருந்து நிலைய மேலாளர் என்ன செய்வார்? டைம் கீப்பரை அழைப்பார். "ஐந்தாம் நடைமேடை உன் பொறுப்பு. இது பஸ்களின் வரிசைப் பட்டியல். போன பஸ்களைக் குறிக்க இது தனி நோட்டு. சரக்கு அறையில் இந்த ஓர் அலமாரிக்கு மட்டும் சாவி. வண்டி கிளம்புவதற்கெல்லாம் என்னை எழுப்பாதே" என்பார். வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார்.

கெர்னலில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இயர்போனைச் செருகியதும் முதலில் தலைமைச் செயலிதான் அதை விசாரிக்கிறது: நீ யார், எந்த அளவு மாதிரிகளை ஏற்பாய்? பாட்டுத் தொடங்கும்போது குறிகைச் செயலி ஒரு செய்தி அனுப்பி, "இந்தத் தடம் எனக்கு வேண்டும்" என்று கேட்கிறது. தலைமைச் செயலி மூன்று பொருள்களைக் கொடுக்கிறது.

முதலாவது, பஸ் வரிசை. யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி படிக்கும் வேலைப் பட்டியல் நினைவகத்தில் ஒரு வளையம்போல் இருக்கிறது. கடைசி வரிக்குப் பின் மீண்டும் முதல் வரி வரும். இயர்போனுக்கு உரிய வளையம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. வளையத்தில் புது வேலை எழுதியதும் கட்டுப்படுத்திக்கு அறிவிக்க ஒரு பதிவேடு உண்டு. அதற்கு வைத்திருக்கும் பெயரே "வாசல் மணி"! இனி அந்த மணியைக் குறிகைச் செயலி அடிக்கும்.

இரண்டாவது, தனி நோட்டு. வேலை முடிந்த செய்திகளைக் கட்டுப்படுத்தி எழுதும் வளையம் பொதுவாக ஒன்றுதான். அது தலைமைச் செயலியைத் தட்டி எழுப்பும். புதிய கட்டுப்படுத்திகளில் இப்படிப்பட்ட வளையங்கள் பல இருக்கலாம். ஒன்றைக் குறிகைச் செயலிக்கென்று ஒதுக்கிவிட்டால், இயர்போன் பற்றிய செய்திகள் அங்கேயே போகும். பெரிய மூளையின் கதவை யாரும் தட்டமாட்டார்கள்.

மூன்றாவது, அலமாரிச் சாவி. நினைவகத்தில் உங்கள் கடவுச்சொல்லும் படங்களும் கூட இருக்கின்றன. குறிகைச் செயலிக்கு எல்லாவற்றையும் திறந்துவிடுவது ஆபத்து. ஆகவே நினைவகக் காவலராக இருக்கும் வன்பொருள், குறித்த சில பக்கங்களை மட்டும் அதன் பார்வைக்குத் திறக்கிறது.

இதன்பின் தலைமைச் செயலி பாட்டின் ஒரு பெரும் பகுதியை நினைவகத்தில் கொட்டிவிட்டு உறங்கப் போகலாம். அது தீரும் தறுவாயில்தான் மறுபடி எழ வேண்டும்.

பொதுச் சொத்தானது எப்படி?

சில கைபேசி நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கெர்னல் பிரதிகளில் இந்த வேலையை முன்பே செய்துவைத்திருந்தன. அதில் ஒரு குறை. கெர்னலின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் தங்கள் ஒட்டுகளை மறுபடி ஒட்ட வேண்டும். மற்றவர்களுக்கும் பயன் இல்லை.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் குவால்காம் நிறுவனப் பொறியாளர்கள் இதைப் பொதுக் கெர்னலில் சேர்க்க விண்ணப்பித்தார்கள். உலகெங்கும் உள்ள மற்றப் பொறியாளர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பாட்டு ஓடும்போது கம்பியைப் பிடுங்கினால் என்ன ஆகும்? ஒரு பாட்டு சின்ன மூளை வழியாகவும் இன்னொன்று பெரிய மூளை வழியாகவும் ஒரே நேரத்தில் அதே இயர்போனுக்கு வந்தால்? எந்தப் பகுதி எல்லா நிறுவனங்களுக்கும் பொது, எது குவால்காமுக்கு மட்டும் உரியது? முப்பதுக்கும் மேற்பட்ட முறை திருத்தி எழுதினார்கள். இன்டெல் பொறியாளர்களின் பங்களிப்பும் சேர்ந்தது. முடிவில் 2025 ஜூலையில் வெளியான லினக்ஸ் 6.16 பதிப்பில் இது இடம் பெற்றது.

மூன்றாண்டு உழைப்பின் பலன் என்ன? யூ.எஸ்.பி. நிலையத்தில் தடம் பிரித்துக் கொடுக்கும் பொது வழி இப்போது ஊர்ப் பொதுக் குளம்போல எல்லோருக்கும் உரியது. வேறு நிறுவனத்தின் சில்லும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நீங்களும் அந்த நிரல் வரிகளைக் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மருந்தா?

இல்லை. திரை எரிந்துகொண்டு, நீங்கள் விளையாடிக்கொண்டிருந்தால் பெரிய மூளை எப்படியும் விழித்தேதான் இருக்கும். அப்போது மிச்சம் சொற்பம். குறிகைச் செயலிக்குத் தெரியாத அபூர்வ வகை ஒலியென்றால் பழைய வழிதான் கைகொடுக்கும். ஆகவே பழைய வழியையும் கெர்னல் கைவிடவில்லை. மேலும், குறிகைச் செயலிக்குள் ஓடும் நிரல் பெரும்பாலும் நிறுவனத்தின் ரகசியம். கெர்னலைப் படிப்பதுபோல் அதைப் படிக்க முடியாது. அதில் பிழை இருந்தால் வெளியார் திருத்த வழியில்லை. வேலையை ஒப்படைக்கும்போது கொஞ்சம் கட்டுப்பாட்டையும் சேர்த்துத்தான் ஒப்படைக்கிறோம்.

திரை அணைந்து, நீண்ட நேரம் ஒலி மட்டும் ஓடும் நேரத்தில்தான் இதன் முழுப் பலனும் தெரியும். இரவு பஸ்ஸில் பாட்டுக் கேட்பவர், பார்வையில்லாத நிலையில் பாடங்களை ஒலிப்பதிவாகக் கேட்டுப் படிக்கும் மாணவர், மின்சாரம் நின்ற ஊரில் செய்திக்காகக் காத்திருப்பவர் ஆகியோருக்கு இந்த மிச்சம் உதவும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இசைத் தட்டுப் பாட்டில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். பஸ்களோ விநாடிக்கு 1,000. அப்படியானால் ஒரு பஸ்ஸுக்கு 44.1 மாதிரி. ஆனால் மாதிரியை வெட்டி 0.1 பங்கை ஏற்ற முடியாது! குறிகைச் செயலி என்ன செய்யும்? கீழே பார்க்காமல் யோசியுங்கள்.

விடை: ஒன்பது பஸ்களில் 44 வீதம் ஏற்றி, பத்தாவதில் 45 ஏற்றும். 9 × 44 + 45 = 441. பத்து மில்லி விநாடிக்கு 441 என்றால் விநாடிக்குச் சரியாக 44,100. இந்தக் கணக்கை ஒரு தடவை கூடத் தவறாமல், ஒரு மணி நேரத்தில் 36 லட்சம் பஸ்களுக்கும் அந்தச் சின்ன மூளை போட்டுக்கொண்டிருக்கிறது. பைக்குள் பெரிய மூளை உறங்கிக்கொண்டிருக்கிறது.